பஸ்கா விருந்துக்கு எந்த பாட்டில்? மஞ்சள் மூடி, சிவப்பு மூடி, மெக்சிகோ கோலா, டயட்

நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் மார்ச் கடைசியில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் கோகோ கோலா அடுக்கில் ஒரு சின்ன மாற்றம் கண்ணில் படும். சிவப்பு மூடி போட்ட இரண்டு லிட்டர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் அதே பாட்டில், அதே லேபிள், மூடி மட்டும் மஞ்சள். மூடியில் ஹீப்ரு எழுத்து, வட்டத்துக்குள் 'யூ' என்ற ஆங்கில எழுத்து, அதை ஒட்டி ஒரு 'பி'. சில வாரங்கள் இருக்கும், அப்புறம் காணாமல் போய்விடும்.

இதை வாங்குகிறவர்கள் இரண்டு வகை. பஸ்கா (Passover) என்ற வசந்தகாலப் பண்டிகையைக் கொண்டாடும் யூதக் குடும்பங்கள் ஒரு வகை. "இதில்தான் நிஜச் சர்க்கரை, ருசியே வேறு" என்று வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் நம்மவர்களும் நிறைய உண்டு. இங்கே எழுதுவது மூன்றாவதாக ஒருவருக்கு. கூட வேலை பார்க்கும் யூத நண்பர் பஸ்கா முதல் இரவு விருந்துக்கு, அதாவது செடருக்கு, வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால், "குடிக்க ஏதாவது கொண்டு வாங்க, போதும்" என்கிறார். கேட்க எளிதாக இருக்கும். கடை அலமாரி முன்னால் நிற்கும்போதுதான் விஷயம் புரியும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ்கா முத்திரை உள்ள மஞ்சள் மூடி கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வாசனை எதுவும் சேர்க்காத வெறும் சோடா. மற்ற எதையும் நண்பரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். காரணம் தெரிந்திருந்தால் புதிதாக ஒரு பாட்டில் கண்ணில் பட்டாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இரண்டு தடைகள், இரண்டு எடை

எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்று சொல்லும் யூதர்களின் கோஷர் விதிகள் வருடம் முழுவதும் உண்டு. பன்றி கூடாது, இறால், நண்டு கூடாது, இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது, இப்படி. பஸ்காவின் எட்டு நாட்களில் (இஸ்ரேலில் ஏழு) இதன் மேல் இன்னும் ஒரு அடுக்கு ஏறும். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் (ஒரு பழைய கோதுமை வகை) ஆகிய ஐந்து தானியங்களும் தண்ணீர் பட்டுப் புளித்துவிட்டால் அது ஹமேட்ஸ். 18 நிமிடத்துக்கு மேல் மாவு சும்மா கிடந்தாலே புளித்ததாகக் கணக்கு. ஹமேட்ஸைச் சாப்பிடக் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. அந்த நாட்களில் அதற்கு அளவுச் சலுகையும் கிடையாது. மற்ற நாட்களில் தடை செய்யப்பட்ட பொருள் தவறி விழுந்து, அது அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் கணக்கில் வராது. பஸ்காவுக்குள் ஹமேட்ஸ் துளி கலந்தாலும் மொத்தமும் போச்சு.

இரண்டாவது தடைக்குப் பெயர் கிட்னியோட். அரிசி, பருப்பு, பயறு, எள், கடுகு, மக்காச்சோளம் எல்லாம் இதில் அடங்கும். இது யூத வேதத்தில் உள்ள தடை கிடையாது. 13ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் ஏற்கெனவே எழுத்தில் பதிவாகியிருக்கும் ஒரு வழக்கம். அரிசியும் பயறும் கோதுமை இருந்த அதே சாக்கிலும் கிடங்கிலும் கிடக்கும், இரண்டு மணி கலந்துவிடலாம்; இவற்றையும் மாவாக அரைக்கிறார்கள், கஞ்சியாகக் காய்ச்சுகிறார்கள், பார்ப்பவர்கள் குழம்பிப் போகலாம். இதுதான் சொல்லப்பட்ட காரணம். ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு வழி வந்த செபார்டி, மிஸ்ராஹி யூதர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவர்களில் பலர் பஸ்காவுக்கு அரிசிச் சோறே சாப்பிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வழக்கம் தோன்றிய காலத்தில் ஐரோப்பாவில் மக்காச்சோளமே இல்லை. 1492க்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர் அது. தானியம் மாதிரி இருக்கிறது, மாவாகிறது என்று அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். அதே கண்டத்திலிருந்து வந்த உருளைக்கிழங்கு தப்பித்துவிட்டது. இன்று பஸ்கா கேக்கெல்லாம் உருளைக்கிழங்கு மாவில்தான் நிற்கின்றன. மக்காச்சோளமும் தப்பித்திருந்தால் மஞ்சள் மூடிக்குத் தேவை குறைந்திருக்கும்.

கிட்னியோட் தடை ஹமேட்ஸ் அளவுக்குக் கடுமையானது இல்லை. அதை வீட்டில் வைத்திருக்கலாம். நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம். தவறிக் கலந்தால், கலந்தது பெரும்பகுதியாக இல்லாதவரை உணவு தப்பிக்கும். பானங்களை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் எதனால் தள்ளுபடியாகிறது, ஹமேட்ஸாலா கிட்னியோட்டாலா என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

அட்லாண்டா ரப்பியும் கோலா ரகசியமும்

இந்தக் கதையைச் சொல்லாமல் கோலாவுக்குள் போக முடியாது. லித்துவேனியாவின் கோவ்னோவில் 1870இல் பிறந்த ரப்பி (யூத மதகுரு) டோபியாஸ் கெஃபன், 1910இலிருந்து அட்லாண்டாவில் இருந்தார். கோகோ கோலாவின் தலைமையகமும் அட்லாண்டாதான். அதனால் அமெரிக்காவின் பல ஊர்களிலிருந்து ரப்பிகள் அவருக்கே எழுதிக் கேட்டார்கள்: இந்தப் பானத்தை எங்கள் ஜனம் குடிக்கலாமா, பஸ்காவில் குடிக்கலாமா? நம் பிள்ளைகள் எப்படியும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஒரு வழி சொல்லுங்கள் என்ற தவிப்பும் அதில் இருந்தது.

நிறுவனம் கலவையை யாருக்கும் காட்டுவதில்லை. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்த பிறகு மூலப்பொருள் பட்டியல் கெஃபனுக்குக் கிடைத்தது. அளவுகளோ செய்முறையோ அதில் இல்லை. இரண்டு இடத்தில் அவர் விரல் நின்றது. ஒன்று கிளிசரின்: அது மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. கோஷர் முறைப்படி அறுக்காத மாட்டின் கொழுப்பு வருடம் முழுவதும் கூடாது. ஆயிரத்தில் ஒரு பங்கு மாதிரிதான் இருந்தது, அறுபதில் ஒன்று என்ற எல்லைக்கு வெகு கீழே. அப்படியானால் விட்டுவிடலாமே? முடியாது என்றார் கெஃபன். அந்தச் சலுகை தவறி விழுந்ததற்குத்தான். தெரிந்தே, வேண்டுமென்றே சேர்ப்பதற்குப் பொருந்தாது. இரண்டாவது, தானியத்திலிருந்து வந்த ஆல்கஹாலின் சிறு தடயம். மற்ற நாட்களில் பிரச்சினை இல்லை. பஸ்காவில் அது ஹமேட்ஸ்.

நிறுவனம் இறங்கி வந்தது. கிளிசரினைத் தாவர எண்ணெய் வழிக்கு மாற்றினார்கள். பஸ்கா காலத்துக்குத் தானிய வழிப் பொருளை விட்டுவிட்டு கரும்பு, பீட்ரூட் சர்க்கரை வழியில் வந்ததைச் சேர்ப்பது என்று முடிவானது. 1935இல் கெஃபன் தன் தீர்ப்பை வெளியிட்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, சிக்கலான இரண்டு பொருள்களுக்கும் பழைய நூல்களிலிருந்து எடுத்த மறைபெயர்களைப் போட்டே எழுதினார்.

அவர் தேடியதைக் கவனியுங்கள். பானத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. அது எதிலிருந்து வந்தது என்று பார்த்தார். கிளிசரின், கிளிசரின்தான், கொழுப்பிலிருந்து வந்தாலும் தேங்காய் எண்ணெயிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றே. லேபிளில் அந்த வித்தியாசம் தெரியாது. இனிப்பூட்டிகளிலும் சிக்கல் இதேதான், அதனால்தான் லேபிளைப் படித்து மட்டும் முடிவெடுக்காதீர்கள் என்கிறேன்.

சிவப்பு மூடி

கெஃபன் காலத்து கோலாவில் சர்க்கரை இருந்தது. சிக்கல் வந்தது 1980களில். அமெரிக்காவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் சர்க்கரை விலை ஏறிக் கிடந்தது, மக்காச்சோளமோ மலிவாகக் கொட்டிக் கிடந்தது. மாவுச்சத்தை நொதிகளால் குளுக்கோஸாக உடைத்து, அதில் ஒரு பகுதியை இன்னொரு நொதியால் ஃப்ரக்டோஸாக மாற்றினால் சர்க்கரை அளவுக்கே தித்திக்கும் பாகு கிடைக்கும். குளிர்பானத்துக்குப் போகும் வகையில் ஃப்ரக்டோஸ் 55 சதவீதம். 1980இல் கோகோ கோலா பாதிச் சர்க்கரைக்குப் பதிலாக இந்தப் பாகை அனுமதித்தது. 1984 முடிவதற்குள் கோகோ கோலா, பெப்சி இரண்டுமே முழுக்க இதற்கு மாற அனுமதித்துவிட்டன.

ஆக, சாதாரண அமெரிக்க கோலா அஷ்கெனாசி வீட்டுக்குப் பஸ்காவில் ஆகாது. தித்திப்பே கிட்னியோட். தவறிக் கலந்த துளி என்று சொல்ல வழியில்லை. 355 மில்லி கேனில் 39 கிராம் இருக்கிறது, தெரிந்தே சேர்த்தது. கிட்னியோட்டிலிருந்து பிழிந்த எண்ணெய், பாகு போன்றவற்றை அனுமதித்த அறிஞர்களும் உண்டு. நடைமுறையில், உணவைச் சோதித்து கோஷர் முத்திரை கொடுக்கும் பெரிய சான்றிதழ் அமைப்புகள் இந்தப் பாகை அஷ்கெனாசிகளுக்கு ஏற்பதில்லை.

தெரியாமல் சிவப்பு மூடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும்? பெரிய விபரீதம் எதுவும் இல்லை. ரொட்டி வாங்கிப் போனது மாதிரி ஆகாது, வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டிய பொருள் இல்லை அது. நன்றி சொல்லி வாங்கி ஓர் ஓரமாக வைத்துவிடுவார்கள். பண்டிகை முடிந்த பிறகு பிள்ளைகள் குடிப்பார்கள். அன்றைக்கு மேஜைக்கு மட்டும் வராது.

மஞ்சள் மூடி

இதில் பாகுக்குப் பதில் சர்க்கரை. லேபிளில் சுக்ரோஸ் அல்லது சர்க்கரை என்று இருக்கும். கரும்புச் சர்க்கரை என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். பீட்ரூட் சர்க்கரையாகவும் இருக்கலாம், இரண்டுமே பஸ்காவுக்கு ஆகும். இனிப்பு மாறியது மட்டும் போதாது. வாசனைப் பொருள்களைக் கரைக்கும் ஆல்கஹால் எதிலிருந்து வந்தது, குழாயும் தொட்டியும் சுத்தமானதா என்பதையெல்லாம் சான்றிதழ் அமைப்பின் ஆள் பார்த்த பிறகுதான் அந்த 'பி' விழும். 'பி' என்றால் பஸ்கா. இறைச்சியும் பாலும் இல்லாத பொதுவான உணவைக் குறிக்க 'பார்வே' என்ற சொல் உண்டு. 'பி' அதைக் குறிப்பதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள், தவறு.

ருசி பற்றி: சர்க்கரைக் கோலாவுக்கு வாயில் ஒட்டாத, சுத்தமான இனிப்பு என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றும், ஆனால் மூடி நிறம் தெரியாமல் குடித்தால் சொல்லிவிடுவேன் என்று பந்தயம் கட்டமாட்டேன். கோலாவின் புளிப்பில் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்துகொண்டேதான் இருக்கும். அலமாரியில் நாளாக ஆக இரண்டு பாட்டிலும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். உடம்புக்கு நல்லது என்று வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். மஞ்சள் மூடி மதச் சட்டத்துக்கு ஏற்ற பானம், பத்தியப் பானம் ஆகிவிடாது.

இதன் குறை, கிடைப்பதில்தான். யூதர்கள் அதிகம் வாழும் பகுதிகளில், அந்த சில வாரங்களில், பெரும்பாலும் பெரிய பாட்டில்களில் மட்டும் வரும். பெப்சியும் பஸ்காவுக்கென்று ஒரு வகை போடுகிறது. நியூயார்க்கின் பழைய சோடா பிராண்டான டாக்டர் பிரவுன்ஸிலும் பஸ்கா வகை வருவதுண்டு. எதுவானாலும் மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சில எலுமிச்சைப் பானங்களுக்கு வருடம் முழுக்க மஞ்சள் மூடிதான். முத்திரையைப் படியுங்கள்.

மெக்சிகோ கண்ணாடி பாட்டில்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். யோசனை இப்படிப் போகும்: பஸ்காவில் பிரச்சினை மக்காச்சோளப் பாகு. மெக்சிகோ கோலாவில் கரும்புச் சர்க்கரை. அப்புறம் என்ன? பார்க்கவும் அழகு, விலையும் கூட, பரிசு மாதிரி இருக்கும்.

இந்தக் கணக்கில் பாதி சரி. கிட்னியோட் பிரச்சினை தீர்ந்தது. அதைவிடக் கனமான ஹமேட்ஸ் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த ஆலையில் வாசனைச் சாற்றுக்குப் பயன்பட்ட ஆல்கஹால் எந்தத் தானியத்தது என்று யாரும் பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை. கெஃபன் 1935இல் பிடித்த இரண்டாவது சிக்கல் இதே இடத்தில்தான். சர்க்கரை அப்போதும் சர்க்கரையாகத்தான் இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். பஸ்கா முத்திரை இல்லாத பாட்டில், உள்ளே என்ன தித்திப்பு இருந்தாலும், கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் வீட்டில் திறக்கப்படாது.

2025 ஜூலையில் கோகோ கோலா, அமெரிக்கக் கரும்புச் சர்க்கரையில் செய்த ஒரு வகையை அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. இனிமேல் மஞ்சள் மூடி எதற்கு என்று அப்போது பலர் கேட்டார்கள். மேலே சொன்ன பதில்தான் அதற்கும். கரும்பு என்று லேபிளில் இருப்பது ஒரு தகவல். பஸ்காவுக்கு ஆகும் என்பது இன்னொருவர் ஆலைக்குள் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

டயட், ஸ்டீவியா, மற்றவை

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் டயட்தானே வாங்கத் தோன்றும். அதில் பாகே இல்லை, அதனால் தப்பு வர வழியில்லை என்று தோன்றும். ஆனால் இங்கேதான் விஷயம் நுணுக்கமாகிறது.

அஸ்பார்டேம் இரண்டு அமினோ அமிலங்களைப் பிணைத்துச் செய்வது. அந்த அமினோ அமிலங்களைத் தொழிற்சாலைகளில் நுண்ணுயிர்களை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். நுண்ணுயிருக்குத் தீனி குளுக்கோஸ். அமெரிக்காவில் அது பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வரும். டயட் கோலாவில் சேரும் சிட்ரிக் அமிலமும் அப்படியே. எலுமிச்சையைப் பிழிந்து யாரும் எடுப்பதில்லை, ஒருவகைப் பூஞ்சைக்குச் சர்க்கரை ஊட்டி எடுப்பது. இப்போது கேள்வி: மக்காச்சோளத்தைத் தின்ற நுண்ணுயிர் உமிழ்ந்த பொருள் மக்காச்சோளமா? உருவே மாறி வேறு பொருளாகிவிட்டது, கிட்னியோட் தானே, விட்டுவிடலாம் என்று ஒரு தரப்பு. வேர் அதுதானே என்று இன்னொரு தரப்பு. சான்றிதழ் அமைப்புகளுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. மக்காச்சோளப் பாகில் அந்த வாதம் அவ்வளவு எடுபடாததற்குக் காரணம், மாவுச்சத்தே சர்க்கரையாக உடைந்து நிற்கிறது, வேறு உயிர் தின்று புதிதாக எதையும் உண்டாக்கவில்லை.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே குளுக்கோஸ் பாகைக் கோதுமையிலிருந்தும் எடுக்கிறார்கள். அப்படி வந்தால் கேள்வி கிட்னியோட்டிலிருந்து ஹமேட்ஸுக்குத் தாவிவிடும். லண்டனிலோ பாரிஸிலோ பஸ்காவுக்கு வாங்குகிறவர் அமெரிக்கப் பட்டியலை நம்பக் கூடாது.

சுக்ரலோஸ் சர்க்கரையிலிருந்து செய்வது, அதனால் கேட்க நிம்மதியாக இருக்கும். பானத்துக்குள் இருக்கும்வரை பரவாயில்லை. காபிக்குப் போடும் சின்னப் பொட்டலத்தில் அதோடு நிரப்புப் பொருளாக மால்டோடெக்ஸ்ட்ரினோ டெக்ஸ்ட்ரோஸோ கலந்திருக்கும். அமெரிக்காவில் இரண்டும் பெரும்பாலும் மக்காச்சோளம். ஸ்டீவியா இலைச் சாறுதானே என்று நினைத்தால், சந்தையில் அதோடு எரித்ரிட்டால் சேர்த்து விற்கிறார்கள். அது குளுக்கோஸை ஈஸ்ட் போன்றவை தின்று வருவது. 'இயற்கை' என்ற சொல்லுக்கும் பஸ்காவுக்கும் சம்பந்தமே இல்லை. சாக்கரின் மாதிரி முழுக்க ரசாயனத்தில் பிறந்த இனிப்பு இந்த விதிகளின் முன் பல இயற்கைச் சாறுகளைவிடச் சிக்கல் குறைந்தது. டயட் கோலாவிலும் பஸ்கா முத்திரையோடு சில இடங்களில் வருகிறது. கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

திராட்சைச் சாறு: வேறு விதமான கண்ணி

கோலாவே வேண்டாம், பழச்சாறு வாங்கிப் போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்ட பல பானங்களில் இனிப்புக்காக வெள்ளைத் திராட்சைச் சாற்றின் செறிவு இருக்கும். மக்காச்சோளமும் இல்லை, தானியமும் இல்லை. ஆனால் திராட்சைக்கென்று தனிச் சட்டம் ஒன்று வருடம் முழுக்க உண்டு. ஒயினோ திராட்சைச் சாறோ, பிழிவதிலிருந்து அடைப்பதுவரை யூதர்கள் கையாண்டிருந்தால்தான் கோஷர். பழங்காலத்தில் பிற மதத்தார் ஒயினைத் தங்கள் தெய்வத்துக்குப் படைத்ததிலிருந்து வந்த விலக்கு அது. ஆகவே மாதுளைச் சாறு, ஆப்பிள் சாறு என்று எழுதியிருந்தாலும் திராட்சைச் செறிவு கலந்திருந்தால் முத்திரை இல்லாமல் ஆகாது. கெடெம் மாதிரி கோஷர் பிராண்டுகளின் திராட்சைச் சாறு கிடைக்கிறது, பஸ்கா முத்திரை பார்த்து வாங்கலாம்.

இதோடு ஒட்டிய ஒரு நாகரிகம்: செடரில் ஆளுக்கு நான்கு கிண்ணம் ஒயின் உண்டு. மேஜையில் ஒயின் பாட்டில் இருந்தால் உதவுகிறேன் என்று நீங்கள் எடுத்து ஊற்றாதீர்கள். காய்ச்சிய கோஷர் ஒயின் என்றால் யார் ஊற்றினாலும் பரவாயில்லை; காய்ச்சாததாக இருந்தால், கண்டிப்பான வீட்டில் யூதரல்லாதவர் ஊற்றிய ஒயினைக் குடிக்க மாட்டார்கள். கோலாவுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. தாராளமாக ஊற்றிக் கொடுங்கள்.

வீட்டிலிருந்து ஏதாவது செய்து கொண்டுபோனால்?

நம் கை சும்மா இருக்காது. ஏப்ரல் வெயில் வேறு, நீர்மோர் கரைத்துக்கொண்டு போனால் என்ன என்று தோன்றலாம். இதைவிடப் பொருந்தாத பானம் கிடையாது. செடர் விருந்து பெரும்பாலும் இறைச்சி விருந்து, அதோடு மோர் சேராது. தாளிப்பில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், ஆக ஹமேட்ஸ். கடுகு கிட்னியோட். ஒரே டம்ளரில் மூன்று தடை!

பானகம், நன்னாரி சர்பத்? உள்ளே இருப்பது குற்றமில்லாததாக இருந்தாலும் நம் பாத்திரம் சப்பாத்தி மாவு பட்ட பாத்திரம். பஸ்காவுக்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளும் வீட்டுக்கு அது போகாது. இதில் மனம் வருத்தப்பட ஒன்றும் இல்லை, அடுத்த தெரு யூத வீட்டுச் சாதாரணப் பாத்திரத்துக்கும் அதே நிலைமைதான்.

வேண்டுமானால் பிரிக்காத பொருளாக வாங்கிக் கொடுங்கள். வேறெதுவும் சேர்க்காத வெள்ளைச் சர்க்கரைக்கும் வாசனை சேர்க்காத சோடாவுக்கும் தனியாகப் பஸ்கா முத்திரைகூட வேண்டியதில்லை என்பது அமெரிக்காவின் பெரிய அமைப்பான ஆர்த்தடாக்ஸ் யூனியனின் நிலைப்பாடு. பொடித்த ஐசிங் சர்க்கரை மட்டும் கூடாது, அதில் மக்காச்சோள மாவு கலந்திருக்கும். சோடா, சர்க்கரை, ஒரு கூடை எலுமிச்சை. அவர்கள் அடுக்களையில், அவர்கள் பாத்திரத்தில் எலுமிச்சைச் சோடா கலந்துகொள்ளட்டும். மஞ்சள் மூடி கிடைக்காத ஊரில் இதுதான் என் முதல் தேர்வு. நேர்மையாகச் சொன்னால் கிடைக்கும் ஊரிலும் கோலாவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

யார் வீடு என்பதைப் பொறுத்து

எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்கு இல்லை. கண்டிப்பான அஷ்கெனாசி வீடு என்றால் மேலே சொன்னதெல்லாம் முழுசாகப் பொருந்தும். செபார்டி வீடு என்றால் மக்காச்சோளப் பாகு ஒரு தடையே இல்லை. ஆனால் ஹமேட்ஸ் கவலை அவர்களுக்கும் உண்டு, ஆகவே அவர்களும் முத்திரை பார்ப்பார்கள். கிட்னியோட் கலந்த, மற்றபடி பஸ்காவுக்கு ஏற்ற பொருள்களுக்கென்றே தனி முத்திரை இப்போது வருகிறது. அதை அஷ்கெனாசி வீட்டுக்குத் தவறி வாங்கிவிடாதீர்கள், முத்திரைக்குப் பக்கத்தில் கிட்னியோட் என்று எழுதியிருக்கும். யூத மதத்தின் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு 2015 டிசம்பரில் அஷ்கெனாசிகளும் கிட்னியோட் சாப்பிடலாம் என்று அனுமதித்தது. அதை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் உண்டு, தாத்தா காலத்துப் பழக்கத்தை விட மனமில்லாத குடும்பங்களும் உண்டு. மதக் கட்டுப்பாடு பெரிதாக இல்லாத, ஆனால் செடர் மட்டும் விடாமல் நடத்தும் வீடுகளும் ஏராளம். அங்கே சிவப்பு மூடியைத் திறந்து முதல் ஆளாகக் குடிக்கப் போவது வீட்டுக்காரராகவே இருக்கலாம்.

எந்த வகை வீடு என்று பெயரைப் பார்த்தோ தொப்பியைப் பார்த்தோ ஊகிக்க வேண்டாம். "பஸ்கா முத்திரை போட்ட கோலா வாங்கட்டுமா, வெறும் சோடா போதுமா?" என்று ஒரு வரி செய்தி அனுப்பினால் நண்பரே சொல்லிவிடுவார். அவர் ஒரு குறிப்பிட்ட அமைப்பின் முத்திரைதான் வேண்டும் என்றால் அதன் படத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அலமாரியில் பல முத்திரைகள் இருக்கும். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு கடைக்குப் போனால் மஞ்சள் மூடி இருந்த இடம் காலியாகத்தான் இருக்கும். ருசிக்காக வாங்கும் அந்த இரண்டாம் வகை ஆட்கள் முந்திக்கொண்டிருப்பார்கள். ஆகவே அடுக்கில் பார்த்த அன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். திறக்காத பாட்டில், உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தாலும் அதன் முத்திரைக்கு ஒன்றும் ஆகாது.